பத்தாவது குழாயிலும் உறையவில்லை

பேட்டை
7 ஏப்ரல் 2025

முத்துராணிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், உன் மதினி நம்பரையும் செய்துவிட்டாய். நீ கல்லிடைக்குறிச்சியில் உன்னோடு படித்த கிரேஸ் வீட்டில் இருப்பதாகப் பால் வண்டி ஷேக் மைதீன் சொன்னான். தினமும் அங்கே நமக்குப் பால் எடுக்க வருகிறவன் அவன்தானே, அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் இதுதான். தயிர் இன்னும் உறையவில்லை. நீ கோபித்துக்கொண்டு போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இன்றைக்கும் நம் தயிர்க் கம்பெனியின் நாற்பது சட்டியில் முப்பத்திரண்டு சட்டி பால் பாலாகவே கிடந்தது. நீ போனால் சரியாகிவிடும் என்றவர்கள் யாரும் இப்போது வாயைத் திறக்கவில்லை.

உறை ஊற்றுகிற உன் வேலையை, நம்மிடம் வேலை செய்கிற எட்டுப் பேரில் சபீதாவிடம் கொடுத்தேன். மேலப்பாளையத்தில் அவள் வீட்டிலிருந்தே புது உறை கொண்டுவந்தாள். இரண்டு நாள் தயிர் கெட்டியோ கெட்டி. மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர். பக்கத்துத் தெருவில் வாங்கி ஊற்றினேன். அதுவும் இரண்டே நாள்தான்.

ஒளிக்காமல் கேட்கிறேன், நீயும் ஒளிக்காமல் சொல். போகிற கோபத்தில் எதையாவது கலந்துவிட்டுப் போனாயா?

இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி
8 ஏப்ரல் 2025

அண்ணே,

உன் கடிதத்தைக் கிழித்து வாய்க்காலில் போட்டிருப்பேன். கிரேஸ்தான் பிடுங்கி வைத்தாள். எதையாவது கலந்தேனா? நானா? மூன்று வருஷம் அந்த நாற்பது சட்டியையும் பிள்ளை மாதிரி பார்த்தவள் நான்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஹோட்டலுக்குத் தயிர் எடுக்க வந்து, நம் கம்பெனி வாசலில் எட்டுப் பேர் முன்னால் என்ன சொன்னார்? "வாழாவெட்டி கை பட்ட பால் எப்படிவே உறையும்?" என்றார். நீ சட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் என்னிடம், "கொஞ்ச நாளைக்கு உறைப் பக்கம் வராத, முத்து" என்றாய். புருஷன் வீட்டை விட்டு வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை அண்ணே. இப்போது என் கை இல்லாமலும் உறையவில்லையே, அடுத்து யார் கையைச் சொல்லப் போகிறீர்கள்?

இரு, திட்டி முடிக்கவில்லை. ஆனால் அதற்குள் வேறொன்று சொல்லியாக வேண்டும். "இரண்டு நாள் கெட்டி, மூன்றாம் நாள் தண்ணீர்." இந்த ஒரு வரியை ஐந்து தடவை வாசித்தேன். அண்ணே, உனக்குப் புரியவில்லையா? பால் தானாக உறைவதில்லை. ஒரு கரண்டி உறையில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறது. ஒவ்வொன்றும் உயிர். பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை வெளியே விடும், ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். அந்தப் புளிப்பில்தான் பால் திரண்டு தயிராகிறது. சபீதா வீட்டில் நன்றாக இருந்த பாக்டீரியா நம் கம்பெனிக்குள் வந்த மூன்றாம் நாள் சாகிறது என்றால், அங்கே எதுவோ அதைக் கொல்கிறது! கையும் இல்லை, கண்ணேறும் இல்லை. ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துவிடலாம்!

நுண்ணுயிரியல் படித்துவிட்டு எட்டு வருஷம் அந்தப் படிப்பைத் தொடவே இல்லை. கிரேஸ் இங்கே கல்லூரியில் அதையேதான் பாடம் எடுக்கிறாள். லேபில் நான் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன். மூன்று பாட்டில் அனுப்பு, மூன்றையும் வெந்நீரில் கொதிக்க வைத்து எடு. ஒன்றில் இன்றைய பால். இரண்டாவதில் உறையாமல் போன சட்டியில் மேலே நிற்கிற தண்ணீர். மூன்றாவதில் சபீதா வீட்டு உறை, நம் கம்பெனி வாசலை மிதிக்காத உறை.

ஒரு நிபந்தனை. காரணத்தை நான் கண்டுபிடித்தால், அண்ணாச்சியையும் அந்த எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு, தப்பு என் கைராசியில் இல்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

முத்துராணி


பேட்டை
9 ஏப்ரல் 2025

முத்து,

மூன்று பாட்டிலும் வருகிறது. ஷேக் மைதீன் இதை வெடிகுண்டு மாதிரி தூரப் பிடித்துக்கொண்டு போகிறான். "உள்ள என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டான். மோர் என்றேன். நம்பவில்லை.

உன் லேப் எல்லாம் எதற்கு? எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பால்காரர் பிச்சைக்கண்ணு மாட்டுக்கு மடி வீங்கி ஊசி போட்டிருக்கிறார். அந்த மருந்து பாலில் இறங்கி உன் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். நேற்று அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் நம் வாசலிலேயே நின்று மாட்டின் மீது சத்தியம் செய்தார். மாடு இங்கே இல்லை, அது வேறு விஷயம்.

உன் நிபந்தனையைப் பிறகு பார்க்கலாம்.

இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி
15 ஏப்ரல் 2025

அண்ணே! அண்ணே!

பிடித்துவிட்டேன்! முதலில் பிச்சைக்கண்ணு அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேள். நீ அனுப்பிய பாலில் சபீதா வீட்டு உறையை ஊற்றினேன். அருமையாக உறைந்தது. பாலில் ஒரு குறையும் இல்லை.

இனிமேல்தான் கதையே. உறையாத சட்டித் தண்ணீரைத் தெளிய வைத்து ஒரு வடிகட்டியில் விட்டேன். சாதாரண வடிகட்டி இல்லை. அதன் துளைக்குள் பாக்டீரியாகூட நுழைய முடியாது. கீழே இறங்கியது கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர். அதில் ஒரே ஒரு சொட்டு. நல்ல பால், நல்ல உறை, அந்த ஒரு சொட்டு, அவ்வளவுதான். உறையவில்லை! சொட்டு விடாத குழாயில் தயிர் கெட்டியாக நிற்கிறது.

கிரேஸ், "ஏதாவது விஷமா இருக்கும், மருந்தா இருக்கும், குதிக்காத" என்றாள். சரி, விஷமா பார்த்துவிடுவோம் என்று, உறையாத முதல் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இரண்டாவது குழாயில் புதுப் பாலும் புது உறையும் வைத்து விட்டேன். அதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவதில். அதிலிருந்து நான்காவதில். விஷம் என்றால் என்ன ஆகும்? ஒரு சொட்டு மருந்தை ஒரு குடத்தில் கரைத்து, அதில் ஒரு சொட்டை இன்னொரு குடத்தில் கரைத்தால் கடைசியில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். நாலாவது, ஐந்தாவது குழாயில் பால் உறைந்திருக்க வேண்டும். நாலு நாள் வேலை. ஐந்தாவது உறையவில்லை. ஏழாவது உறையவில்லை. பத்தாவது குழாயைச் சாய்த்தேன், பால் பச்சைத் தண்ணீராக ஓடியது! கிரேஸும் நானும் லேபில் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். வாட்ச்மேன் ஓடி வந்து, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்கிறார்.

கரையக் கரையக் குறையாத பொருள் ஏதாவது உண்டா? அது பெருகுகிறது அண்ணே. ஒவ்வொரு குழாயிலும் புதிதாகப் பெருகுகிறது. வடிகட்டியில் நுழைகிற அளவுக்குச் சின்னது, ஆனால் பெருகுகிறது. அது வைரஸ்!

வைரஸ் என்றால் மனுஷனை மட்டும் பிடிக்கும் என்று நினைத்தாயா? பாக்டீரியாவையும் பிடிக்கும். அதற்கு வாயில்லை, வயிறில்லை, தின்னத் தெரியாது, தானாகப் பிள்ளை பெறவும் தெரியாது. தனியாகக் கிடந்தால் தூசி மாதிரி கிடக்கும். ஆனால் தனக்கேற்ற பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டால் போதும். தன் சரக்கை உள்ளே இறக்கிவிடும். அந்தப் பாவப்பட்ட பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு வைரஸைச் செய்து செய்து போடும். கடைசியில் வெடிக்கும். ஐம்பது, நூறு என்று வெளியே வரும். ஒவ்வொன்றும் அடுத்த பாக்டீரியாவைத் தேடும். முதல் இரண்டு நாள் கொஞ்சமாக இருந்து, பெருகிப் பெருகிப் பாக்டீரியாவை மிஞ்சிவிட்டால், சாயங்காலம் ஊற்றிய உறை காலையில் காலி. இதுதான் உன் மூன்றாம் நாள்!

நீ ஒவ்வொரு முறையும் புது உறையைக் கொண்டுவந்து ஊற்றினாயே, அது வைரஸுக்கு விருந்து வைத்த மாதிரி.

கூட்டத்தைக் கூட்டு அண்ணே. அண்ணாச்சியைக் கூப்பிடு.

முத்துராணி


பேட்டை
16 ஏப்ரல் 2025

முத்து,

உன் கடிதத்தை வாசித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

வைரஸா? தயிரிலா? ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா? கொரோனா நேரத்தில் ஜனங்கள் எப்படி ஓடினார்கள் என்று நீ பார்க்கவில்லையா? இசக்கிமுருகன் கம்பெனித் தயிரில் வைரஸ் என்று ஒருத்தன் போனில் போட்டால் போதும். ஹோட்டல்காரர் ஒருவரும் வாசலை மிதிக்க மாட்டார். எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும். இவ்வளவு நாளும் நம் தயிரைத் தின்ற என் வயிற்றுக்கு என்ன ஆகுமோ?

இதை வெளியே சொல்லாதே. கிரேஸிடமும் சொல்லி வை. ஷேக் மைதீன் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தானா என்று கேட்டேன், அல்லாஹ் மேல் ஆணையாக இல்லை என்றான்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. உன் கை பற்றிய பேச்சு நாலு நாள் பேச்சு, அதுவாகவே அடங்கிவிடும். வைரஸ் என்ற பேச்சு அடங்காது. இப்போதைக்குக் கை என்ற பேச்சு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சத்தமில்லாமல் எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் எழுது.

இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி
17 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமா? உன் தயிருக்குப் பேர் கெடக் கூடாது, என் பேர் கெட்டால் பரவாயில்லை. எழுத்தில் எழுதியே கொடுத்துவிட்டாய். நன்றாக இரு.

உன் வயிற்றுக்காக முதலில் இதைச் சொல்கிறேன். அந்த வைரஸால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. அது ஒரே ஒரு வகைத் தயிர் பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். பக்கத்து வகைப் பாக்டீரியாவின் மேல்கூட ஒட்டத் தெரியாது, உன் மேலா ஒட்டும்? பச்சைப் பாலிலும் தூசியிலும் எங்கேயும் இருப்பதுதான். நீயும் நானும் பிறந்ததிலிருந்து தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ஊசி மருந்தும் இதற்கு வேலை செய்யாது, அது பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும்.

நேற்று அதைக் கண்ணாலேயே பார்த்தேன். வடிகட்டிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டிருந்த லேப் தட்டில் பாக்டீரியா வெள்ளைப் படலமாக வளர்ந்திருந்தது. நடுவில் வட்ட வட்டமாகத் தெளிந்த ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வைரஸ் நுழைந்து, பெருகி, சுற்றியிருந்த அத்தனையையும் தீர்த்த இடம். எண்ணினேன், நாற்பத்தேழு. உன் மேல் இருந்த கோபத்திலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரிடம் சொல்லுவேன்? உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, என் தலையெழுத்து.

செய்ய வேண்டியது: பழைய உறை எல்லாவற்றையும் கொட்டு. சட்டிகளையும் துணிகளையும் நன்றாகக் கொதிக்க வை, பத்து நிமிஷம் தளதளவென்று. தரை, சுவர், மேசை எல்லாம் பிளீச்சிங் பவுடர். உறையாத பாலைச் சேர்க்கிற டிரம்மை அறையை விட்டு வெளியே தள்ளு. மூன்று வேறு வேறு இடத்து உறை வாங்கி முறை வைத்து ஊற்று. இன்றைக்கு ஒரு வகையைப் பிடிக்கக் காத்திருக்கிற வைரஸுக்கு நாளைக்கு அந்த வகையே கிடைக்காது.

மறுபடியும் கெட்டால் ஒவ்வொன்றையும் கழுவிய தண்ணீரைத் தனித்தனிப் பாட்டிலில் அனுப்பு. உனக்காக இல்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முத்துராணி


பேட்டை
26 ஏப்ரல் 2025

முத்து,

நீ சொன்னது அத்தனையும் செய்தேன். பிளீச்சிங் நாற்றத்தில் உன் மதினி இரண்டு நாள் என் பக்கத்தில் வரவில்லை. ஏழு நாள் தயிர் சூப்பர். நாற்பதுக்கு நாற்பது. நான் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், அசையவில்லை. எட்டுப் பேரும் கை தட்டினார்கள். பிச்சைக்கண்ணு அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நேற்று ஒன்பது சட்டி தண்ணீர்.

பாட்டில்கள் அனுப்புகிறேன். சட்டி கழுவியது, துணி கழுவியது, தரை கழுவியது. கரண்டி கழுவியதையும் கேட்பாய். கரண்டி ஏது? கையால்தானே கலக்குகிறோம், நீ போட்ட சட்டம். சபீதா சிரித்துக்கொண்டே, "அப்ப என் கையைக் கழுவுன தண்ணியையும் அனுப்புங்க, முத்து மைனிக்கு ஆசையா இருக்கும்" என்று ஒரு பாட்டிலில் பிடித்துத் தந்தாள். அதையும் வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. மறக்கவில்லை.

இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி
29 ஏப்ரல் 2025

அண்ணே,

சட்டி கழுவிய தண்ணீரில் ஒன்றும் இல்லை. துணியில் இல்லை. தரையில் இல்லை. சபீதா கை கழுவிய தண்ணீர் விட்ட தட்டில் எண்ண முடியாத அளவு ஓட்டைகள்.

சபீதாவை ஒன்றும் சொல்லாதே. அவள் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்கிறாள். கரண்டி பட்டால் தயிர் தண்ணீர் விடும் என்று கரண்டியைத் தூக்கிப் போட்டவள் நான். முந்தின நாள் சட்டியில் விரலை விட்டுப் புளிப்புப் பார்த்துவிட்டு, அதே கையோடு புதுப் பாலைக் கலக்கச் சொன்னவள் நான். சோப்பு வாசம் தயிரில் ஏறும், வெறும் தண்ணீரில் அலசினால் போதும் என்று சோப்பை ஒளித்து வைத்தவளும் நான். படித்தவள் நான்! நகக்கண்ணில் ஒட்டியிருந்தாலே போதும், நாற்பது சட்டிக்கும் போய்விடும். வைரஸ் பாலிலிருந்தோ தூசியிலிருந்தோ எப்போதோ உள்ளே வந்திருக்கும். ஆனால் சட்டி சட்டியாகக் கொண்டு சேர்த்தது என் பழக்கம். நீங்கள் அறை முழுக்கக் கழுவினீர்கள், கையைக் கழுவவில்லை.

மூன்று வாரமாக என் கை இல்லை, என் கை இல்லை என்று குதித்தேன். என் கைதான் அண்ணே. அண்ணாச்சி சொன்ன காரணத்தால் இல்லை, ஆனால் கைதான். நேற்று முழுக்க இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விட்டால் மறுபடியும் உறையாது, சபீதா கையைச் சொல்வார்கள். அதனால் எழுதுகிறேன்.

கரண்டி வாங்கு, தினமும் கொதிக்க வை. சோப்பு மேல் அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. புளிப்புப் பார்க்கிறவர் ஒருவர், உறை ஊற்றுகிறவர் வேறொருவர்.

என் நிபந்தனையை விட்டுவிடு. இந்தக் கடிதத்தை அப்படியே எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. வைரஸ் என்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டால் உனக்கும் பிரச்சினை இல்லை.

முத்துராணி


பேட்டை
4 மே 2025

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன் கைதான் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். வாசித்துக் காட்டினால் என் வேலை முடிந்தது. பிறகு சோப்பை எடுக்க அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டேன். இந்தப் பிள்ளை தன் தப்பை இடம் சொல்லி எழுதியிருக்கிறாளே, நான் என்ன ஆம்பிளை என்று இருந்தது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அண்ணாச்சி அன்றைக்கு அதைச் சொன்னபோது நான் அதை நம்பவில்லை. ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நீ கிடைத்தாய். நம்பிச் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம் முத்து.

நேற்றுக் காலை அண்ணாச்சி வந்தபோது எட்டுப் பேரையும் கூப்பிட்டேன். "எந்தங்கச்சி கைராசி பத்தி இந்த வாசல்ல பேசுனது தப்பு. பேசும்போது நான் வாயை மூடிக்கிட்டு நின்னது அதைவிடத் தப்பு" என்றேன். அண்ணாச்சி, "அப்ப என்னதாம்வே காரணம்?" என்றார். வைரஸ் என்றேன்.

நான் பையப் பைய எல்லாவற்றையும் சொன்னேன், வடிகட்டி, பத்துக் குழாய், ஓட்டை, வெடிக்கிறது எல்லாம். கை கழுவாததையும் சொன்னேன், என்னையும் சேர்த்து எல்லார் கையும் என்றுதான் சொன்னேன். பாக்டீரியாதான் வடிகட்டியில் இறங்கும் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன், சபீதா திருத்தினாள். உன் கடிதங்களை அவளுக்கும் வாசிக்கக் கொடுத்திருந்தேன். அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி, "மனுசனுக்கு வருமாவே?" வராது என்றேன். "அப்ப சரி, பத்துச் சட்டி எடுத்து வை" என்றார். விஷயம் தெரிந்து ஒரு மெஸ்காரர் மட்டும் நம்மிடம் தயிர் எடுப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.

கரண்டி வந்து நாலு நாள் ஆகிறது, நாற்பதும் நிற்கிறது. நீ எப்போது வருகிறாய் என்று உன் மதினி கேட்கிறாள், நானும்தான் கேட்கிறேன். வர மனசில்லை என்றாலும் எழுது.

இன்னொரு சங்கதி. அண்ணாச்சி எல்லாரும் போகிறவரை நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஹோட்டலில் அவரே தம் கையால் உறை ஊற்றுகிற தயிரும் ஒரு வாரமாக உறையவில்லை என்றார். நம்மிடம் வாங்கிய உறைதான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சிகிட்ட ஒரு பாட்டில் குடுத்து விடட்டுமா?" என்று கேட்டார். இதோடு வருகிறது. பார்ப்பதும் கீழே ஊற்றுவதும் உன் இஷ்டம்.

உன் அண்ணன்
இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி
8 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நம்பாமலே என்னை ஒதுக்கினாய் என்று எழுதியதை வாசித்து அழுதேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், பொறுத்துக்கொள். அண்ணாச்சி முன்னால் நீ வைரஸ் என்று சொன்ன இடத்தை வாசித்து எழுந்து நின்று விசிலடித்தேன். கிரேஸுக்குக் காது அடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அண்ணாச்சி பாட்டிலைக் கீழே ஊற்றவில்லை. வடிகட்டினேன், ஒரு சொட்டு விட்டேன், உறையவில்லை. தட்டிலும் அதே ஓட்டைகள். அவர் தயிரிலும் நம் வைரஸேதான்.

அதை அவரிடம் சொல். எட்டுப் பேர் முன்னால் சொல்லாதே, தனியாகக் கூப்பிட்டுச் சொல். அவர் கையில் ராசி இல்லை என்று யாராவது பேசினால், அப்படி ஒன்றும் இல்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்.

முத்துராணி